மணல் ஓடைக்குத் துணை

1961 மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், அவர் என் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் கோழி விரட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வார் போயே போய்விட்டது. இன்சீன் ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய கால், என் செருப்பு எப்படித் தாங்கும்? கேட்டால், "உன் கால் என் காலவிடப் பெருசு தெரேசா, அதான் சௌகரியமா இருந்துச்சு" என்கிறார். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வாய் மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

விஷயம் அதுவல்ல. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது விக்டோரியா வாயைத் திறந்தாள். என் பேத்தி காலேஜில் கல், மண், மலை இதையெல்லாம் பற்றிப் படிக்கிறாள். எங்கள் கோயிலில் இத்தனை குடும்பம் இருக்கிறதே, ஒரு வீட்டிலாவது ஒரு பெண் இந்தப் படிப்பு படிக்கிறதா? காட்டச் சொல்லுங்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் மேல்பர்மாவுக்குப் போக வேண்டுமாம். சௌக் பக்கம், மழையே காணாத சீமை. அங்கே மணல் ஓடை ஒன்று இருக்கிறதாம். ஓடை என்று பேர்தான், தண்ணீர் கிடையாது. இரண்டு பக்கமும் தென்னை உயரத்துக்கு மண் சுவர், நடுவில் சுடு மணல். உள்ளே போகப்போக, கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றனவாம். அதைப் பார்த்துப் படம் வரைந்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வகுப்பு. ஏப்ரலில் ஒரு நடை, மே மாதம் இன்னொரு நடை.

என் மகன் சிலுவைமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஏப்ரல் மாசம். சௌக். ஆம்பளப் பசங்களோட" என்றான். கியாக்டடாவில் பாங்கி உத்தியோகம். சொல்லைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் கொடுப்பான். பிறகு, "அந்தப் படிப்ப விட்டுட்டு டைப் கத்துக்கச் சொல்லுங்க" என்றான். பிள்ளையிடம் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

விக்டோரியா தட்டையே பார்த்தாள்.

"பெரிய மனுஷி யாராச்சும் கூடப் போனா?" என்று அடுப்படியிலிருந்து மருமகள் செலின்.

"அந்த வெயில்ல யாரு போவா?"

நான் போவேன் என்றேன்.

அவர் சிரித்ததில் புரையேறிவிட்டது. செலின் ஓடி வந்து தலையைத் தட்டினாள்.

மார்ச் 6, திங்கள்

காலையில் அடுப்பு மூட்டும்போது செலின் மெதுவாகக் கேட்கிறாள்: "நெசமாவா அத்தை சொன்னீங்க?" நான் எப்போது பொய்யாகச் சொன்னேன்?

மார்ச் 9, வியாழன்

விக்டோரியாவும் நானும் அவளுடைய ஸயாமாவைப் பார்த்துவிட்டு வந்தோம். டோ சான் யீ என்று பெயர். இவர்களைக் கூட்டிப்போகும் டீச்சர் அவள்தான். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள், நடை மட்டும் குதிரை நடை. என்னை உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவள் பாதத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கால் பெரிசுதான், தாயே. அதற்கென்ன?

"அம்மா, அந்தப் பக்கத்து வெயில் தெரியுமா?" என்று கேட்டாள். எல்லாம் பர்மாவில்தான். என் பர்மாப் பேச்சு கடைத்தெருப் பேச்சு, அவளுடையது புத்தகப் பேச்சு. ஆனாலும் புரிந்தது.

"ரங்கூன்லயே பொறந்தவ நான். இதுக்கு மேல என்ன வெயில்?"

"ரங்கூன் வெயில் வேக வைக்கும். அது வறுக்கும்."

பேச்சு பிடித்துவிட்டது எனக்கு. வழியைச் சொன்னாள். விடியும் முன்னே ஊரிலிருந்து கிளம்பி ஓடையில் இறங்க வேண்டும். காலையில் கிழக்குச் சுவரின் நிழல் தரைமேல் கிடக்கும். அது சுருங்குவதற்குள் நடுவழியில் புத்த சாமியார் இருக்கும் பொங்கி மடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கல் மரங்கள் மடத்துக்கு அப்பால், வெட்டவெளியில். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் மடத்துக்குத் திரும்பி, உச்சி வெயில் முழுக்க அங்கேயே படுத்துக் கிடந்து, மேற்குச் சுவர் நிழல் விழுந்த பிறகு ஊருக்கு நடக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு புட்டித் தண்ணீர். பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் கட்டுவார்களே, அந்தத் தகரப் புட்டி.

நடக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை. நடந்து பழகிக்கொள்ளுங்கள் என்றாள். மரியாதை தெரிந்தவள்.

மார்ச் 12, ஞாயிறு

நடை ஆரம்பம். பக்கத்து வீட்டு நூர் பீவியை இழுத்துக்கொண்டு நட்டநடு மத்தியானம் இன்சீன் ரோட்டில் இறங்கினேன். வெயிலுக்குப் பழக வேண்டுமென்றால் வெயிலில்தானே நடக்க வேண்டும்.

"தெரேசாக்கா, நாய்கூட நிழலுக்கு ஒதுங்கிருச்சு. நாம ரெண்டு பேரும் ரோட்ட அளக்குறோம்."

"பேசாம நட. மூச்சு வீணாகுது."

"உங்க பேத்தி படிக்கிறதுக்கு என் முட்டி எதுக்குத் தேயணும்?"

"உன் பேத்தி படிக்கையில என் முட்டிய எடுத்துக்க."

கமாயுட் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினோம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. களைப்பு என்று தோன்றும் முன்னே மரத்தடியில் தண்ணீர்ப் பானை வந்துவிடுகிறது, ஒரு குவளை குடித்தால் அடுத்த மரம். நூர் பீவி திரும்பும்போது ரயிலேறிவிட்டாள். ஸ்டேஷனில் நின்று கை வேறு ஆட்டுகிறாள். நான் நடந்தே வந்தேன். அறுபத்திரண்டு வயது.

வாசலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "லேட்டு வண்டி வந்துருச்சு" என்றார்.

மார்ச் 15, புதன்

சிலுவைமுத்து சம்மதித்துவிட்டான். சம்மதம் என்றா சொல்வது? நிபந்தனை போட்டான். அந்தோணியார் படத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்தான், நான் பெற்ற பிள்ளை.

"அம்மா, அவ ஒங்க கண்ணுக்கு மறைவா ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. அங்க போயி கால் வலிக்குது, நீ போய்ட்டு வான்னு அனுப்பிச்சிடக் கூடாது. அப்படி ஒரு தடவ நடந்தாலும் படிப்பு அத்தோட சரி. மே மாசமும் கெடையாது, காலேஜும் கெடையாது."

"கண்ணுக்கு மறைவா விட மாட்டேன்" என்றேன்.

"அந்தோணியார் சாட்சி?"

"நான் சொன்னா போதாதா ஒனக்கு? சரி, அந்தோணியார் சாட்சி."

விக்டோரியா கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பர்மாவில் ஏதோ முணுமுணுத்தாள். சந்தோஷம் வந்தால் இந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஓடிப்போகிறது.

மார்ச் 19, ஞாயிறு

தண்ணீர்ப் புட்டி இரண்டையும் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பால்காரன் மாதிரி. வார் தோளை அறுத்துவிட்டது. போன வாரம் பறந்த கால் இன்றைக்குப் பாதியிலேயே முனகுகிறது. நான் என்ன பொதிமாடா?

யோசித்துப் பார்த்தேன். ஒரு புட்டி போதாதா?

மார்ச் 21, செவ்வாய்

சாயங்காலம் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள், ஸயாமாவும் ஐந்து பிள்ளைகளும். விக்டோரியாவோடு மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். செலின் சுண்டல் செய்தாள். பையன்கள் தின்கிற வேகத்தைப் பார்த்தால் ஓடையில் கல் மரத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள் போலிருந்தது.

ஸயாமா தரையில் பெரிய காகிதத்தை விரித்து வழியைக் கோடு போட்டுக் காட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எனக்குக் குனிந்தால் முதுகு பிடிக்கும், அதனால் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஊர் என் முழங்காலுக்கு அடியில் போய்விட்டது.

"நடுவுல மடம் இருக்குல்ல ஸயாமா? அங்க தண்ணிப் பானை இருக்குமே?"

"இருக்கும் அம்மா. நான் டிசம்பரில் போனபோது மூன்று பானை இருந்தது. பெரிய சாமியார் பனைவெல்லம்கூடக் கொடுத்தார்."

"அப்புறம் எதுக்கு ஆளுக்கு ரெண்டு புட்டி? ஒண்ணைக் குடிச்சிக்கிட்டே மடத்துக்குப் போறோம், அங்க ரொப்பிக்கிறோம். பாரம் பாதியாகுது, நட வேகமாகுது."

பர்மாவில் பிறந்த யாரால் இதற்குப் பதில் சொல்ல முடியும்? தண்ணீர்ப் பானை இல்லாத மடத்தை யாராவது கண்டிருக்கிறார்களா? புண்ணியத்துக்கென்று காட்டு வழியில்கூடப் பானை வைக்கிற தேசம் இது. ஸயாமா பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே யோசித்துவிட்டு, ஒரு புட்டி என்று எழுதினாள்.

எல்லோரும் போன பிறகு அவர் கேட்டார்: "அஞ்சாங்கிளாசு படிச்சவ காலேஜ் டீச்சர மடக்கிட்ட போல?"

ஆமாம் என்றேன். அதிலென்ன கூச்சம்.

ஏப்ரல் 1, சனி

மூட்டை கட்டினேன். பருத்திப் புடவை, உப்பு போட்ட எலுமிச்சை, பொரியரிசி, புளி உருண்டை, விக்டோரியா முகத்தில் அரைத்துப் பூசத் தனக்காக் கட்டை, வயல்காரர்கள் போடும் பெரிய மூங்கில் தொப்பி எனக்கொன்று அவளுக்கொன்று. தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். அவர் எட்டிப் பார்த்து, "காளான் முளைச்சிருக்கு" என்றார்.

ஏப்ரல் 2, ஈஸ்டர்

கோயிலில் நாலு பேராவது கேட்டார்கள், எங்கேயோ போகிறீர்களாமே என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன், முழுசாக.

ஏப்ரல் 4, செவ்வாய்

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. பியின்மனாவில் வண்டி மாற வேண்டும். அவருடைய ரயில்வே பாஸில் நான் ராணி மாதிரி போகிறேன், பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். விக்டோரியாவையும் என் பெட்டியிலேயே உட்கார வைத்திருந்தேன், கண்ணுக்கு மறையக் கூடாதே. பாவம், பாட்டுக் கேட்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன். ராணியாவது ஒன்றாவது.

ஏப்ரல் 6, வியாழன்

ஊர் வந்து சேர்ந்தோம். மண்ணெல்லாம் சிவப்பு, எங்கே பார்த்தாலும் பனை. காற்று அடிக்கிறது, ஆனால் அடுப்பைத் திறந்தது மாதிரி. மூக்குக்குள் காய்ந்து போகிறது. வேர்க்கவே இல்லை! வேர்த்தது தெரியும் முன்னே காய்ந்துவிடுகிறது. ஸயாமா சொன்னது சரி, இது வறுக்கும் வெயில்.

ஏப்ரல் 8, சனி

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை, கை தூக்க முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நட்சத்திரம் இருக்கும்போதே இறங்கினோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மண் சுவர் மடிப்பு மடிப்பாக, பட்டுப்புடவையை அடுக்கி வைத்தது மாதிரி. நிழலில் மணல் குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் முன்னால் போனார்கள், நான் பின்னால். விக்டோரியா என் பக்கத்திலேயே வந்தாள். அவள் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டு எனக்காக நிற்பாள், மறுபடி ஒரு எட்டு. மணலில் காலை வைத்தால் பாதி உள்ளே போகிறது, இன்சீன் ரோடு மாதிரி இல்லை. ஸயாமா அடிக்கடி சுவரைப் பார்த்தாள். நிழல் சுவரை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனது, நாங்களும் அதோடு ஒண்டிக்கொண்டே போனோம்.

தாகம் — அந்த மாதிரித் தாகத்தை நான் பட்டதே கிடையாது. மடம் தெரிந்தபோது என் புட்டியில் பாதிக்கும் கீழே. பரவாயில்லை, இதோ மடம்.

மடத்தில் ஆளில்லை.

மூன்று பானையும் இருந்தன. கழுவி, கவிழ்த்து, வரிசையாக வைத்திருந்தார்கள். கோடையில் கிணறு வற்றிவிடும் என்று சாமியார் ஆற்றோரத்து ஊருக்குப் போய்விடுவாராம், மழைக்குத்தான் திரும்புவாராம். இது பிறகு தெரிந்தது. ஸயாமா வந்தது டிசம்பர் மாதம். நான் வந்ததே கிடையாது.

ஒவ்வொரு பானையாக நிமிர்த்திப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பல்லி ஓடியது.

அப்போதுதான் உறைத்தது. இன்சீன் ரோட்டில் நான் என் காலால் நடக்கவில்லை. யாரோ புண்ணியத்துக்கு வைத்த பானைகளால் நடந்திருக்கிறேன். எத்தனை குவளை குடித்தேன் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தேனா?

ஒரு பிள்ளைகூட என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை. ஸயாமா எல்லாப் புட்டியையும் ஓரிடத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். "எல்லாரும் திரும்பிடலாம்" என்றாள். விக்டோரியா முகத்தைப் பார்த்தேன். தொப்பியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கல் மரத்தைப் பார்க்காமல் திரும்பினால் அடுத்த வகுப்பு இல்லை.

பிறகு பேசிப் பேசி வேறு வழி வந்தது. நிழல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பையன்கள் இருவரும் காலிப் புட்டிகளோடு ஊருக்கு ஓடிப்போய்த் தண்ணீர் சுமக்க ஆளையும் கூட்டிக்கொண்டு வரட்டும். மிச்சமிருக்கும் தண்ணீரோடு ஸயாமாவும் பெண்கள் மூவரும் கல் மரம் வரை போய்வரட்டும். நாலு பேருக்குப் போதும். ஐந்து பேருக்குப் போதாது.

ஐந்தாவது ஆள் நான்.

விக்டோரியா, "ஆயா, நான் இங்க ஒங்ககூட இருக்கேன், அவங்க போகட்டும். அப்பாகிட்ட சொல்லிருக்கீங்கல்ல" என்றாள். தமிழில் சொன்னாள், மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்று.

என்ன செய்ய? கூடப் போனால் என் நடைக்கு எல்லோரும் நடக்க வேண்டும், தண்ணீரும் தீரும். அவளை நிறுத்திக்கொண்டால், இவ்வளவு தூரம் எதற்கு வந்தேன்? "போடி" என்றேன். "வெயில் ஏறுறதுக்குள்ள போய்ட்டு வா." என் புட்டியில் இருந்ததை அவள் புட்டியில் ஊற்றினேன். ஸயாமா எனக்கென்று இரண்டு மிடறு விட்டுவைத்தாள்.

வளைவில் திரும்பும் வரைக்கும் அவள் தொப்பி தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அந்தோணியாரே, நீரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்றேன்.

ஜெபமாலையை எடுத்தேன். முதல் பத்து மணி முடித்தது நினைவிருக்கிறது. மூங்கில் தரை, ஜில்லென்ற நிழல். அப்புறம் யாரோ என் கட்டை விரலைப் பிடித்து ஆட்டுகிறார்கள். கண்ணைத் திறந்தால் விக்டோரியா. முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளையாக. "ஆயா, பாத்துட்டேன்."

மரமாம், ஆனால் கல்லாம். வயது வளையங்கூடத் தெரிகிறதாம். படம் வரைந்திருக்கிறாள். தண்ணீரை மாற்றி மாற்றி மிடறு கணக்காகக் குடித்தார்களாம், யார் எப்போது குடிப்பது என்று சொன்னது விக்டோரியாதானாம். ஸயாமா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பையன்களும், காவடி போல் தோளில் தண்ணீர் சுமந்து இரண்டு ஊர்க்காரர்களும் வந்தார்கள். குடித்தேன், குடித்தேன், குடித்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 10, திங்கள்

வீடு. என்னைப் பார்த்ததும் அவர், "யாரும்மா நீங்க, தெரேசா வர நேரமாகும், உக்காருங்க" என்றார். அவ்வளவு கறுத்திருக்கிறேனாம்.

மடத்தில் நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். "சிலுவைகிட்ட நீயா சொல்லாத. கேட்டா சொல்லு" என்றார். சரி என்று தோன்றியது. அவன் கேட்கமாட்டான், அவன் எதைத்தான் கேட்கிறான்.

ஏப்ரல் 11, செவ்வாய்

அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. விக்டோரியா சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சோறு போடும்போது பேச ஆரம்பித்தவள், மண் சுவர், பானை, தண்ணீர் பங்கு எல்லாம் சொல்லி, "நாங்க திரும்பி வந்தா ஆயா கொறட்ட விட்டுத் தூங்குறாங்க, பல்லி ஒண்ணு தொப்பி மேல ஒக்காந்திருக்கு" என்று முடித்தாள். செலின் சிரித்தாள். அவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சிலுவைமுத்து கையைக் கழுவினான்.

"நீங்க எதுக்கும்மா போனீங்க? தூங்கவா?"

நான் அவன் தட்டை எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனேன்.

"மே மாசம் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

விக்டோரியா என் மடியில் முகத்தை வைத்து அழுதாள், "நான்தான் ஒளறிட்டேன் ஆயா" என்று. நீ உளறவில்லை கண்ணே. நடந்ததைத்தானே சொன்னாய்.

ஏப்ரல் 14, வெள்ளி

தண்ணீர்த் திருவிழா. தெரு முழுக்க வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். ஓடையில் மிடறு எண்ணிக் குடித்தவளுக்கு இதைப் பார்க்க வயிறு எரிகிறது. நூர் பீவி பின்னாலிருந்து வந்து ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்துவிட்டு, "மடத்துல கெடைக்காததுக்கு" என்றாள். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டதா?

சிலுவைமுத்து நாலாவது நாளாக என்னோடு பேச்சில்லை. "அம்மாவக் கேளு", "அம்மாகிட்ட சொல்லு" என்று செலின் வழியாகவே.

ஏப்ரல் 18, செவ்வாய்

பேச்சில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட சுவரிடம் சொன்னான்.

ஏப்ரல் 22, சனி

போகப்போவதில்லை என்றாலும் மே மாதத்து நடையைத் திட்டம் போட்டுப் பார்ப்போம் என்று விக்டோரியாவைக் கூப்பிட்டேன். முகம் சுண்டி உட்கார்ந்திருக்கிறாளே, அதற்காகத்தான். எனக்கும் கை அரிக்கிறது. மறுபடி ஒரு தடவை அந்தச் சுவருக்கு நடுவில் நடக்க வேண்டும்போல் இருக்கிறது, உண்மையைச் சொன்னால்.

இது வேறு ஓடை. அகலம் அதிகம், நிழல் குறைவு, மேலே வெயில் மே மாதத்து வெயில். தண்ணீரை முதல் நாளே மாட்டு வண்டியில் கொண்டுபோய் நடுவழியில் வைத்துவிட வேண்டும் என்று விக்டோரியா சொன்னாள். நல்ல யோசனை. பிறகு கிளம்பும் நேரம். நான் மெதுவாக நடந்து வர நேரம் வேண்டுமே என்று முன்னால் தள்ளினோம். தள்ளினால் இருட்டு, பாம்பு. பின்னால் தள்ளினால் திரும்பும்போது நிழல் இல்லாத இடத்தில் நான் மாட்டிக்கொள்கிறேன், என்னோடு எல்லோரும். வண்டியில் என்னை ஏற்றினால் தண்ணீருக்கு இடமில்லை. எப்படி மாற்றிப் போட்டாலும் ஓரிடத்தில் இடிக்கிறது.

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, என்னை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன்.

எதுவும் இடிக்கவில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது சிலுவைமுத்து பக்கத்தில் நடந்து வந்தான். தானாக வாயைத் திறந்தான்.

"அம்மா. அந்த ஸயாமா பாங்கிக்கு வந்தாங்க. புள்ள கெட்டிக்காரி, நிறுத்தாதீங்கன்னாங்க." கொஞ்ச தூரம் நடந்தான். "நீங்க போறதா இருந்தா, தூங்காம பாத்துக்கறதா இருந்தா, மே மாசமும் போகட்டும். ஒங்களுக்கும் ஆசைதானே."

ஆசைதான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தான்.

ஏப்ரல் 24, திங்கள்

சரி என்று சொன்னால் என்ன? மெதுவாக நடந்தால் என்ன? யாராவது கையைப் பிடித்துக்கொண்டால்? வண்டியில் ஒரு ஓரமாக ஒடுங்கிக்கொண்டால்?

இல்லை. அதுதான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேனே.

ஏப்ரல் 26, புதன்

சொல்லிவிட்டேன்.

பாங்கியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "சிலுவை, நான் போகல" என்றேன்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கமாயுட்டுக்கு இப்பக்கூட நடப்பேன். நான் போனா அவ வெயில்ல மாட்டிக்குவாடா. அன்னிக்கு அவ நல்லபடியா திரும்பி வந்தான்னா, நான் கூடப் போகாததுனாலதான். நான் தொணயில்ல. பாரம்."

அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அவ என் கண்ணுக்கு மறைவாத்தான் போனா. இருக்குற தண்ணிய பங்கு போட்டுக் குடிக்க வச்சா, வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாரையும் திருப்பிக் கூட்டியாந்தா. நான் பாத்துக்கிட்டு இருந்திருந்தா இதுக்கு மேல என்ன கிழிச்சிருப்பேன்? இவள அனுப்புறதுன்னா தனியா அனுப்பு. எனக்காக அனுப்பாத."

வாய்தான் சொன்னது. அவர் உள்ளே செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. கேலி ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"யோசிக்கிறேன்" என்றான் சிலுவைமுத்து.

ஏப்ரல் 30, ஞாயிறு

சிலுவைமுத்து இன்னும் முடிவு சொல்லவில்லை. விக்டோரியா ஒன்றும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சுப் பக்கமே போகவில்லை. மாங்காய் ஊறுகாய் போட்டேன், இரண்டு ஜாடி.

மே 4, வியாழன்

விக்டோரியாவைக் கூப்பிட்டு சிலுவைமுத்து கேட்டான், "அந்த மாட்டு வண்டி, தண்ணியோட மொத நாளே போயிருமா?" என்று. போகும் என்றாள். "வண்டிக்காரன் வரலன்னா?" என்றான். வராவிட்டால் இறங்க மாட்டோம் அப்பா, திரும்பிவிடுவோம் என்றாள். தலையை ஆட்டிக்கொண்டான்.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா அது? இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

மே 9, செவ்வாய்

விக்டோரியா இன்றைக்குக் காலை பியின்மனா வண்டியில் போனாள். நம் வீட்டிலிருந்து துணைக்கு யாரும் போகவில்லை. சிலுவைமுத்து ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டு நேரே பாங்கிக்குப் போய்விட்டான். நான் போகவில்லை, க்யிம்யிண்டைங் படித்துறையில் இன்றைக்கு ஹில்சா மீன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல மீனாகவே கிடைத்தது. முள்தான் ஜாஸ்தி. மெதுவாக, எடுத்து எடுத்துச் சாப்பிட்டேன்.